எது தேயணும்?

மீன் பிடிக்கிற ரீலுக்கும் எலும்பு டாக்டருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. போன மாசம் ஒரு பழைய ரீலைப் பிரிச்சுப் போட்ட படத்தைப் போட்டதுல இருந்து இன்பாக்ஸ் முழுக்க அதே கேள்விதான். "எங்க தாத்தாகிட்டயும் ஒண்ணு இருக்கு, எப்படி சரி பண்ணீங்க?" தனித்தனியா பதில் போட முடியல, அதனால இந்த த்ரெட். கொஞ்சம் நீளமா போகும். நடுவுல ஒரு இடுப்பு ஆபரேஷனும் வரும், ஏன்னா ரீலும் இடுப்பும் ஒரே ஆளோடது. அவர் படிச்சுப் பார்த்து "போடுங்க, என்ன இப்போ"ன்னு சொன்ன பிறகுதான் போடறேன். அடையாளம் தெரியிற மாதிரி இருந்த ஒண்ணு ரெண்டு விஷயத்தை மாத்தியிருக்கேன்.

ஐயாவுக்கு 81 வயசு. சேர்வராயன் மலையில சின்ன காபித் தோட்டம். ஏற்காட்டுக்காரங்களுக்குத் தெரியும், அங்க காபி 200 வருஷக் கதை. 1820களில் சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வெச்சது. ஐயா அவ்வளவு பெரிய வரலாறெல்லாம் பேச மாட்டார். அவர் பேசினா ரெண்டே விஷயம்தான்: மழை, காவிரி. எழுபதுகளில் ஜீப்புல மலை இறங்கி, ஒகேனக்கலுக்கு மேல காவிரியில ராகிக்களி உருண்டையை முள்ளுல கோத்து, விடிய விடிய மாசீருக்குக் காத்திருந்த ஆள்.

மாசீர் தெரியாதவங்களுக்கு: கெண்டைக் குடும்பத்து ராட்சசன். மெட்ராஸ் மாகாணத்துல அதிகாரியா இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873லயே இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பத்தி தனிப் புத்தகம் எழுதினார், அதோட கதாநாயகனே இந்த மீன்தான். 1946ல மைசூர் வான் இஞ்சன் குடும்பத்துக்காரர் ஒருத்தர் கபினியில பிடிச்சது 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. ஓடுற ஆத்துல 54 கிலோ இழுக்கிற மீனைச் சாதாரண தூண்டில் சக்கரம் தாங்காது. அதனால கடல்ல பெரிய மீனுக்குன்னு செஞ்ச ரீலையே இங்கேயும் சிலர் கொண்டுவந்தாங்க. ஐயாகிட்ட இருந்தது பென் செனட்டர், 4/0 சைஸ். அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல 1932ல ஆரம்பிச்ச கம்பெனி, செனட்டர் மாடல் 1936ல வந்தது. கப்பல்ல வேலை பார்த்த சொந்தக்காரர் ஒருத்தர் கொடுத்ததாம்.

இப்போ அது பேரன் கைக்குப் போகுது. சென்னையில வேலை, லீவு நாள்ல போட் எடுத்துட்டு கடலுக்குப் போய் பாறை, வஞ்சிரம்னு பிடிக்கிற பையன். "தாத்தா ரீலாலயே ஒரு பெரிய பாறை பிடிக்கணும்"ங்கிறது அவன் ஆசை. எனக்கும் பழைய மெஷின் பைத்தியம் உண்டுன்னு ஐயாவுக்குத் தெரியும். ஓபிக்கு வந்தப்போ எக்ஸ்ரே கவரோட ஒரு துணிப்பையையும் மேஜை மேல வெச்சார். "ரெண்டையும் பாருங்க டாக்டர். ரெண்டும் சத்தம் போடுது."

முதல்ல ரீல்.

பெரிய மீன் ரீலோட உயிர் அதுக்குள்ள இருக்கிற பிரேக். ஆங்கிலத்துல டிராக்னு சொல்வாங்க. மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக் கொடுக்கணும், ஆனா சும்மா விடக்கூடாது. ஒரு அளவு எதிர்ப்போட விடணும். நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த பிரேக் எது தெரியுமா? கட்டைவிரல். ஸ்பூல் மேல ஒரு தோல் பட்டை, அதை விரலால அழுத்தணும். கைப்பிடியும் ஸ்பூலோட நேரடியா பூட்டியிருக்கும். மீன் ஓடினா கைப்பிடி பின்பக்கமா விசிறி மாதிரி சுத்தும். அதுல மாட்டின விரல் போச்சு. 1913ல கலிஃபோர்னியா பக்கம் கடலினா தீவுல வில்லியம் போஷன்ங்கிறவர் 355 பவுண்டு வாள்மீனைப் பிடிச்சப்போ வெச்சிருந்த ரீல் வேற ரகம்: புரூக்ளின்ல ஜூலியஸ் வாம் ஹோஃப் செஞ்சது. பிரேக் பல்சக்கரத்துக்கு உள்ளேயே போயிடுச்சு, வெளியே நட்சத்திர வடிவுல ஒரு திருகு. கைப்பிடி பின்னாடி சுத்தாது. விரல் தப்பிச்சது. செனட்டரும் அந்த வம்சம்தான்.

உள்ளே என்ன இருக்குன்னா, பெரிய பல்சக்கரத்தோட குழிவுக்குள்ள பில்டர் காபி டபராவுக்குள்ள தட்டு அடுக்கின மாதிரி வட்டுகள். ஒரு உராய்வு வாசர், ஒரு உலோக வட்டு, மறுபடி உராய்வு வாசர், மறுபடி உலோகம். உலோக வட்டுல சிலது கைப்பிடி பக்கத்து ஸ்லீவோட பூட்டி இருக்கும், சிலது பல்சக்கரத்தோட பூட்டி இருக்கும். நட்சத்திரத் திருகை இறுக்கினா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு அழுந்தும். மீன் அதை மீறி இழுத்தா வட்டுகள் வழுக்கும், நரம்பு போகும். இது போக சின்னதா ஒரு கொக்கி. கைப்பிடியைப் பின்னாடி சுத்த விடாம தடுக்கிறது அதுதான். சைக்கிள் ஃப்ரீவீல்ல டிக் டிக்னு சத்தம் போடுமே, அதே வேலை. இந்தக் கொக்கியை மனசுல வெச்சுக்குங்க, திரும்ப வரும்.

ஐயாவோட ரீலைப் பிரிச்சப்போ வந்த வாசனையை எழுத்துல சொல்ல முடியாது. ஏற்காட்டு மூடுபனி வீட்டுக்குள்ள பீரோ வரைக்கும் வரும். செருப்பு, பெல்ட், கேமரா லென்ஸ் எல்லாத்துலயும் பூஞ்சை பிடிக்கிற ஊர். நாற்பது வருஷம் அந்த ஈரத்துல இருந்த கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருந்துச்சு, அதுல பச்சைக் களிம்பு. வாசர்கள் வட்டோட ஒட்டிக்கிடந்தது. பிரிக்கிறதுக்கு முன்னாடியே நரம்பு நுனியில ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்துப் பார்த்தேன். 6 கிலோ வரைக்கும் அசையல. திடீர்னு விட்டுச்சு, தராசு 3க்கு இறங்கிடுச்சு. மறுபடி ஒட்டிக்கிச்சு. மறுபடி 6.

இந்தத் திக்கித் திக்கிப் போறதுதான் நரம்பை அறுக்கிறது. நின்ன பொருளை நகர்த்த ஆரம்பத்துல அதிக பலம் வேணும், நகர ஆரம்பிச்ச பிறகு குறைஞ்ச பலம் போதும். மழைக்காலத்துல உப்பின மேஜை டிராயரை இழுத்த எல்லாருக்கும் இது தெரியும்: வராது, வராது, வந்தா வயித்துல இடிக்கும். நல்ல பிரேக்னா இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல வித்தியாசமே தெரியக்கூடாது.

இங்க ஒரு எச்சரிக்கை, டாக்டரா. பழைய ரீல் வாசர்கள் தோலா இருக்கலாம், ஃபைபரா இருக்கலாம், அந்தக் கால பிரேக் லைனிங் மாதிரி பொருளாவும் இருக்கலாம். அந்தக் கால பிரேக் லைனிங்னா ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்னு நினைச்சே நடந்துக்குங்க. உலர்ந்த நிலையில உப்புத்தாள் போடாதீங்க, வாயால ஊதாதீங்க, கம்ப்ரஸர் காத்து அடிக்காதீங்க. ஈரத்துணியால எடுத்து, கவர்ல கட்டிப் போடுங்க. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால வர்ற நுரையீரல் உறைப் புற்றுநோய் 20, 30, 40 வருஷம் கழிச்சுக்கூட வரும். ஒரு ரீலுக்காக அந்த ரிஸ்க் வேண்டாம்.

வாசருக்கு ஆள் தேடினப்போ ஐயா சொன்ன பேர், தோட்டத்துப் பக்கத்துல பல்ப்பர் பார்க்கிற ஃபிட்டர் அண்ணன். காபிப் பழத்தோட தோலை உரிக்கிற மெஷின்தான் பல்ப்பர். உள்ளே ஒரு டிரம், அதைச் சுத்தி செம்புத் தகடு, தகடு முழுக்கக் கொப்புளம் கொப்புளமா மேடு. பழம் அதுக்கும் எதிர்ல இருக்கிற கட்டைக்கும் நடுவுல போய்த் தோல் உரிஞ்சு வரும். இடைவெளி அதிகமானா பழம் முழுசா நழுவும், குறைஞ்சா கொட்டை நசுங்கும். நசுங்கின கொட்டைக்கு விலை கிடையாது. சீசன்ல ராத்திரி ரெண்டு மணிக்கு இவரைத் தேடி ஜீப் வரும்.

அண்ணன் ரீலை விளக்கு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பல்ப்பர்ல செம்புத் தகடுதாங்க தேயும். அது தேயணும்னுதான் போடறது. தகடு தேயாம டிரம் தேஞ்சா மெஷினையே தூக்கிப் போடணும். இதுல எதுங்க தேயணும்?"

மெடிக்கல் காலேஜ்ல எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமா இடுப்பு மாற்று அறுவைசிகிச்சையைச் சொல்லிக் கொடுக்கல.

பேரன் வீடியோ கால்ல வேற கட்சி. "டாக்டர் அங்கிள், எல்லாத்தையும் ஸ்டெயின்லெஸ் ஆக்கிடலாம். கார்பன் வாசர், ஸ்டெயின்லெஸ் கியர், பெரிய கைப்பிடி. 80 பவுண்டு பின்னல் நரம்பு போட்டு இறுக்கிட்டா பாறை எங்க போகும்?" நெட்ல நிறைய பேர் இதைத்தான் செய்றாங்க. பாதி சரியும்கூட. கார்பன் வாசர் நிஜமாவே நல்ல மாற்றம். பென் கம்பெனியே எச்.டி-100ங்கிற பேர்ல விக்குது. சூட்டுல கருகாது, டெஃப்லான் கலந்த கிரீஸை லேசா தடவினா திக்கல் போயிடும், துருவும் பிடிக்காது.

பிரச்சனை அதுக்கு அப்புறம்தான். பழைய வாசர் இருந்த வரைக்கும் நீங்க எவ்வளவு இறுக்கினாலும் அது ஒரு அளவுக்கு மேல பிடிக்காது, வழுக்கிடும். அதுதான் அந்த ரீலோட ஃபியூஸ் கம்பி. கார்பன் போட்டு, பெரிய கைப்பிடியும் மாட்டி, முழுசா இறுக்கினா, வழுக்க வேண்டிய இடத்துல வழுக்காது. அந்த பலம் அடுத்து எங்க போகும்? பல்சக்கரத்தோட பல்லுக்கு. பல்லையும் ஸ்டெயின்லெஸ் ஆக்கிட்டா ஸ்லீவுக்கு. ஸ்லீவையும் மாத்திட்டா பேக்லைட் பக்கத் தட்டுக்கு, இல்ல அந்தச் சின்னக் கொக்கிக்கு. கடைசியா கொக்கி உடைஞ்சா கைப்பிடி பின்னாடி சுத்தும். 1913க்கு முன்னாடி இருந்த இடத்துக்கே போயிடுவோம். பேரன் விரல்தான் அடுத்த பாகம்.

விரல் எலும்பு முறிஞ்சா ஒட்டிடும். அது பெருசில்ல. நடு மூட்டுக்குள்ள உடைஞ்சா, மூணு நாலு வாரம் கட்டுப்போட்டு வெச்சதுக்கே இறுகிப் போற மூட்டு அது. கம்ப்யூட்டர்ல வேலை பார்க்கிற பையன். இதைச் சொன்னப்போதான் வீடியோ கால்ல கொஞ்சம் அமைதி.

இன்னொரு கணக்கும் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். 30 பவுண்டு நரம்புன்னா அறுபடுற எடை சுமார் 13.5 கிலோ. பிரேக்கை அதுல மூணுல ஒரு பங்குக்கு, 4.5 கிலோவுக்கு வைக்கணும்கிறது பழைய வழக்கம். ஏன் அவ்வளவு குறைச்சல்? மீன் ஓட ஓட ஸ்பூல்ல நரம்பு குறையும், சுத்து சின்னதாகும். சுத்து பாதியானா, திருகைத் தொடாமலேயே நரம்பு மேல இழுப்பு ரெட்டிப்பாகும். 4.5 வெச்சது 9 ஆயிடும். தண்ணிக்குள்ள கிடக்கிற நரம்போட இழுவை வேற. முதல்லயே 9 வெச்சவன் கதி என்னன்னு நீங்களே போட்டுப் பாருங்க.

கடைசியா செஞ்சது இவ்வளவுதான். வாசர் மூணும் கார்பன். அமெரிக்காவுல இருந்து தெரிஞ்சவங்க லெட்டர் கவர்ல போட்டுக் கொண்டுவந்தாங்க. கொக்கியும் அதோட ஸ்பிரிங்கும் புதுசு. பேரிங் துருவெடுத்துக் கிடந்துச்சு, அதுவும் புதுசு. ஸ்லீவ் மட்டும் சேலத்துல லேத் பட்டறையில ஸ்டெயின்லெஸ் கம்பியில கடைஞ்சது. பழைய பித்தளை ஸ்லீவ்ல கைப்பிடி உட்கார்ற இடம் உருண்டு போய், கைப்பிடி லொடலொடன்னு ஆடிச்சு. பல்சக்கரத்தை மாத்தல. பேரன் அதையும் கேட்டான், அண்ணன் ஒத்துக்கல. பிரேக் வழுக்கும்போது பல்சக்கரம் அந்த ஸ்லீவ் மேலதான் சுத்தும். "ஸ்டெயின்லெஸ் மேல ஸ்டெயின்லெஸ் தேஞ்சா, கிரீஸ் வத்தின அன்னிக்கு ஒண்ணோட ஒண்ணு கடிச்சுக்கும்ங்க. ஒண்ணு கெட்டி, ஒண்ணு மெத்து. அப்படி இருந்தாத்தான் ஜோடி." பழைய சக்கரம் பல் தேயாம நல்லாவே இருந்துச்சு. கைப்பிடியும் பழசு.

தராசு இப்போ 4.7ல அசையுது, 4.5ல ஓடுது.

இனி இடுப்பு. ஐயாவுக்கு 2001ல, 57 வயசுல, வலது இடுப்பு மாத்தினது. அப்போ போட்டதும் இதே தத்துவம்தான்: தொடை எலும்புக்குள்ள உலோகத் தண்டு, அது மேல 28 மி.மீ உலோகப் பந்து, இடுப்புக் குழியில உலோகக் கிண்ணம், கிண்ணத்துக்குள்ள பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் உறை. பந்து அந்த பிளாஸ்டிக் மேலதான் உருளும். தேய வேண்டியது பிளாஸ்டிக்.

இந்தப் பிளாஸ்டிக் வந்த கதையும் ஒரு பட்டறைக் கதைதான். இங்கிலாந்துல ரைட்டிங்டன் மருத்துவமனையில ஜான் சார்ன்லி முதல்ல டெஃப்லான் குழி போட்டார். வழுக்குறதுல அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனா சுமார் 300 பேருக்குப் போட்ட பிறகு, ரெண்டு மூணு வருஷத்துல தேஞ்சு, தூள் சேர்ந்து சதையும் எலும்பும் புண்ணாச்சு. ஒவ்வொருத்தருக்கா திரும்ப ஆபரேஷன். 1962ல ஒரு விற்பனையாளர் நெசவு மெஷின் சக்கரத்துக்குப் போடற ஒரு பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து காட்டினார். சார்ன்லிக்கு அதுல நம்பிக்கை வரல. அவரோட பட்டறை டெக்னீஷியன் ஹாரி கிரேவன் விடல, டெஸ்ட் மெஷின்ல மாட்டி ஓட விட்டார். ராத்திரி பகலா மூணு வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாள்ல தேயுற அளவுகூட அது தேயல. இன்னிக்கும் உலகம் பூரா இடுப்புல போடறது அதோட வாரிசுகளைத்தான். குழியில தோத்த டெஃப்லான், ஐயாவோட ரீல்ல கிரீஸா உட்கார்ந்து நல்லா வேலை செய்யுது. பொருள்ல நல்லது கெட்டது இல்லை, எந்த இடத்துல வைக்கிறோம்ங்கிறதுதான்.

ஐயாவோட எக்ஸ்ரேல பந்து கிண்ணத்தோட நடுவுல இல்லை, மேல்பக்கமா ஏறியிருந்துச்சு. அப்படின்னா அந்தப் பக்கம் பிளாஸ்டிக் தேஞ்சு மெலிஞ்சிருக்கு. அதை விட எனக்குக் கவலை, கிண்ணத்துக்குப் பின்னாடி எலும்புல தெரிஞ்ச ரெண்டு ஓட்டை. தேஞ்ச தூளை உடம்போட காவல் செல்கள் முழுங்கும், செரிக்க முடியாது, அந்த எரிச்சல்ல எலும்பு கரையும். ரீல்ல தேஞ்ச பித்தளைத் தூள் கிரீஸோட கலந்து மத்ததை அரிச்ச மாதிரி. தண்டும் கிண்ணமும் எலும்போட கெட்டியா ஒட்டியிருந்துச்சு. அசைவு இல்லை.

மகன் சொன்னார்: "எல்லாத்தையும் எடுத்துட்டு புதுசா போட்டுடுங்க டாக்டர். செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க." பாசத்துல சொல்றது. ஆனா 24 வருஷம் எலும்போட ஒட்டின தண்டை எடுக்கணும்னா தொடை எலும்பை நீளமா வெட்டித் திறக்க வேண்டி வரலாம். 81 வயசு எலும்பு. ரத்தம், மயக்க மருந்து, வாரக்கணக்குல படுக்கை. சரி, சும்மா விட்டுடலாமான்னா, ஓட்டை பெருசாகி ஒரு நாள் கிண்ணமே பெயர்ந்தா இதைவிடப் பெரிய ஆபரேஷன்.

நடுவுல ஒரு வழி: கிண்ணமும் தண்டும் இருக்கட்டும். உறையையும் பந்தையும் மட்டும் மாத்தி, ஓட்டையில எலும்புத் துகள் நிரப்பலாம். இதுக்கும் விலை உண்டு, மறைக்காம சொன்னேன். உறை மட்டும் மாத்தினவங்களுக்குப் பந்து நழுவி வெளிய வர்ற ஆபத்து கொஞ்சம் கூடுதல். பந்தைப் பெருசாக்கினா நழுவுறது குறையும், ஆனா அதே கிண்ணத்துக்குள்ள பந்து பெருசானா உறை மெலிசாகும். இப்போ வர்ற குறுக்குப் பிணைப்பு பாலிஎத்திலீன் பழசை விட ரொம்ப மெதுவா தேயும், அதனால 32 மி.மீ பந்துக்குத் துணியலாம்.

"உலோகத்துக்கு உலோகமே போட்டா தேயாதா டாக்டர்?"னு மகன் கேட்டார். அதையும் உலகம் செஞ்சு பார்த்தாச்சு. அப்படி ஒரு இடுப்பு 2010ல உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டுச்சு. உலோகத் தூள் ரத்தத்துலயே ஏறிச்சு.

ஐயா எதுவும் பேசாம கேட்டுட்டு இருந்தார். அப்புறம் மகனைப் பார்த்து, "நீ அந்த ஸ்டெயின்லெஸ் கியர் கேட்ட பையனோட அப்பன்தான்டா"ன்னார்.

உறையும் பந்தும் மாத்தினோம். ஒண்ணேகால் மணி நேரம். மறுநாளே வாக்கரோட நடந்தார். ஆறு வாரம் குனியக்கூடாது, சம்மணம் கூடாது, தரையில உட்காரக் கூடாதுன்னு கட்டளை. காபிப் பழம் பறிக்கிற நேரத்துல தோட்டத்துக்குள்ள போகாம அவரை வீட்டுல உட்கார வெச்சதுதான் வீட்டம்மாவுக்குப் பெரிய ஆபரேஷன். இப்போ நாலு மாசம் ஆச்சு, இதுவரைக்கும் நழுவல.

மாசீரைப் பத்தி யாராவது கேட்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். காவிரியோட திமில் மாசீருக்கு அறிவியல் பேர் உறுதியானதே 2018லதான். அதே வருஷம் அது அழிவின் விளிம்புல இருக்கிற இனமா பட்டியலுக்குப் போயிடுச்சு. மோயாறு மாதிரி சில இடங்கள்ல மிச்சம். இந்த ரீல் திரும்ப ஆத்துக்குப் போகாது. ஐயாவே பேரன்கிட்ட வாக்கு வாங்கிட்டார். கடல் மீனைக்கூட, சின்னதுன்னா உயிரோட விடணும்னா, சீக்கிரம் கரை சேர்க்கணும். திக்காத பிரேக் இருந்தா அரை மணி நேரம் இழுத்து அலைக்கழிக்க வேண்டியதில்லை.

பேரன் போன வாரம் கோவளத்துக்கு வெளிய ஒரு நடுத்தரப் பாறை பிடிச்சு வாய்ஸ் நோட் அனுப்பினான். மீனோட எடையை விட, "அங்கிள், 4.5லயே வெச்சேன்"ங்கிறதைத்தான் ரெண்டு தடவை சொன்னான்.

எடுத்த பிளாஸ்டிக் உறையை ஐயா கேட்டார். விதிமுறைப்படி கிருமி நீக்கி, கையெழுத்து வாங்கிட்டுக் கொடுத்தோம். அடுத்த தடவை மலைக்குப் போனப்போ அது பல்ப்பர் ஹவுஸ் பெஞ்சுல இருந்துச்சு. ஃபிட்டர் அண்ணன் வெர்னியரை எடுத்து ரெண்டு பக்கமும் அளந்தார். கீழ்ப்பக்கம் 9 மி.மீ. மேல்பக்கம் 6.2. "24 வருஷத்துல 2.8ங்களா"ன்னு மனக்கணக்கு போட்டுட்டு, "எங்க செம்புத் தகடு இதுல பாதிகூடத் தாங்காதுங்க"ன்னு சொல்லி ஐயா கையில திருப்பிக் கொடுத்தார்.